பி.டி. சார் செய்த கிறிஸ்துமஸ் கார்டு

எங்க குருவுக்கு இருபத்தாறு வயசு. பேரு ஜெரூஷா. காதுல வளையல் கணக்கா ஒரு கம்மல், விரல் பூரா தங்கக் கலர் மை. சீடருக்கு அறுபது தாண்டிட்டு. பேரு ஞானதுரை. பாளையங்கோட்டையில பாதிப் பேருக்கு அவரு பி.டி. சார்.

இதுல வேடிக்கை என்னன்னா, ஒரு காலத்துல இந்தச் சீடர்தான் அந்தக் குருவை வெயில்ல கிரவுண்டைச் சுத்தி ஓட விட்டவரு. ஸ்கூல் பிரேயர்ல சிரிச்சுட்டாளாம்.

டிசம்பர் மாசம், சனிக்கிழமை மத்தியானம். எங்க வேதக்கோயிலை ஒட்டின ஹால்ல பேப்பர் ஸ்டார் செய்யவும், வாழ்த்து அட்டையில அழகா எழுதவும் ஜெரூஷா சொல்லிக் கொடுக்கான்னு அறிவிப்பு வந்துச்சு. வந்தது பூரா பொம்பளைங்க. நான் போனது டீயோட கேக்கும் உண்டுன்னு கேள்விப்பட்டு. எனக்கென்ன, உள்ளதைச் சொல்லுதேன்.

எல்லாரும் பாய் விரிச்சு உக்காந்த பிறகு வாசல்ல ஒரு குரல்.

"உள்ள வரலாமா மிஸ்?"

பாத்தா பி.டி. சார். வெள்ளைச் சட்டை, கேன்வாஸ் ஷூ. ஜெரூஷா பதறி எந்திரிச்சுட்டா.

"ஐயோ சார், என்னைப் போய் மிஸ்ஸுன்னு கூப்பிடுதீங்களே!"

"கிரவுண்டுல நான் சார். இங்க நீங்கதான் மிஸ். எங்க உக்காரணும், சொல்லுங்க."

எனக்குப் பக்கத்துல இடம் இருந்துச்சு. ஷூவைக் கழட்டி வச்சுட்டு வந்து உக்காந்தாரு.

சார் எங்க தெருதான். அவரு வீட்டுக்காரம்மா லில்லி டீச்சர் ஏப்ரல்ல தவறிப் போனாங்க. அதுக்கப்புறம் சார் வெளிய வாரதே குறைஞ்சு போச்சு. சாயங்காலம் வாசல் கேட்டுப் பக்கத்துல நிப்பாரு, நாங்க பேசினா ரெண்டு வார்த்தை, உடனே உள்ள போயிருவாரு. அந்த மனுஷன் கத்திரிக்கோலும் கையுமா எங்க கூட்டத்துல வந்து உக்காந்ததும் எனக்குச் சந்தோஷமாவும் இருந்துச்சு, அழுகையாவும் வந்துச்சு.

"என்ன சார் இந்தப் பக்கம்?"

"ஸ்டார் செய்யணும் கிறிஸ்டி."

அவ்வளவுதான் சொன்னாரு. நானும் அப்போதைக்கு வாயை மூடிக்கிட்டேன்.

ஜெரூஷா ஆளுக்கொரு தாள் கொடுத்தா. எப்படி மடிக்கணும்னு காட்டினா. மடிச்ச தாள்ல அங்கங்க சின்னச் சின்னதா வெட்டி எடுக்கணும். விரிச்சா ஸ்டார் முழுக்கத் துளைத் துளையா வரும், உள்ள பல்பு போட்டா அது வழியா வெளிச்சம் வரும்.

"மடிப்பு ஓரத்தை முழுசா வெட்டிராதீங்க. அதுதான் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

சொல்லி வாய் மூடல, சார் வெட்டிட்டாரு. பொறுமையே கிடையாது மனுஷனுக்கு. விசில் அடிச்ச மாதிரி விருட்டுன்னு ஒரே வெட்டு. விரிச்சாரு, மடியில துண்டு துண்டா உதிர்ந்துச்சு. ஹாலே சிரிச்சுச்சு.

சார் சிரிக்கலை. உதிர்ந்ததை ஒவ்வொண்ணா பொறுக்கினாரு.

ஜெரூஷா இன்னொரு தாளை எடுத்து நீட்டினா.

ரெண்டாவது தாளை அவரு மடிச்சுக்கிட்டு இருக்கும்போது, எதிர்ல இருந்த ஹெப்சி அத்தைக்கு அதுக்கு மேல பொறுக்க முடியலை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருஷம் உங்க வீட்டுல ஸ்டார் கட்டக்கூடாதுல்லா?"

எங்க பக்கத்து வழக்கம் அது. சாவு விழுந்த வீட்டுல ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. வாசல்ல ஸ்டார் கட்ட மாட்டாங்க, புதுத்துணி எடுக்க மாட்டாங்க, பலகாரம் சுட எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டாங்க. அக்கம்பக்கத்துல இருந்து கொண்டு வந்து கொடுக்கிற முறுக்கும் அதிரசமும்தான். வாழ்த்து அட்டைகூட அந்த வீட்டுல இருந்து யாருக்கும் போகாது.

சார் கத்திரிக்கோலைக் கீழ வச்சாரு.

"எஸ்தர் அக்காவும் அதைத்தான் சொல்லுதா."

எஸ்தர் அக்கா சாரோட கூடப்பிறந்தவங்க. அடுத்த தெரு. அவங்க ஒண்ணு சொல்லிட்டா அந்தக் குடும்பத்துல மறுபேச்சு கிடையாது.

"பின்ன எதுக்கு சார் ஸ்டாரு?" கேட்டது நான்தான்.

கொஞ்ச நேரம் தாளையே தடவிக்கிட்டு இருந்தாரு.

"பிரிசி வர மாட்டேங்கா."

பிரிசில்லா சாரோட ஒரே மக. கல்யாணம் ஆகி பூனாவுல இருக்கா. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தவறாம வந்திருவா.

"அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து நான் என்னப்பா செய்யன்னு கேக்கா. ஸ்டாரு கூட இருக்காதாமே, இருட்டு வீட்டுல வந்து உக்காந்து அழுறதுக்கா, மே மாசம் பாக்கலாம்ப்பான்னு சொல்லிட்டா. அதான், வாசல்ல ஸ்டாரைக் கட்டி, லைட்டைப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினா... வீடு எப்பவும் போலத்தான் இருக்குன்னு தெரிஞ்சா வருவால்லா?"

எல்லாரும் ஒரே நேரத்துல பேசினாங்க. ஹெப்சி அத்தை கூடவே கூடாதுன்னாங்க. ஒருத்தி, கலர் இல்லாம வெள்ளை ஸ்டார் கட்டலாம், தப்பில்லன்னா. இன்னொருத்தி, பின்வாசல்ல கட்டினா யாருக்குத் தெரியப்போகுதுன்னா. நான்கூட என் பங்குக்கு என்னவோ சொன்னேன்.

சார் எங்க யாரையும் பாக்கலை.

"மிஸ், நீங்க சொல்லுங்க. துக்க வீட்டுல ஸ்டார் கட்டலாமா, கூடாதா?"

ஜெரூஷா பசை டப்பாவை மூடினா.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். எனக்குத் தெரிஞ்சது பேப்பர் மட்டும்."

"இல்ல, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"ஸ்டார் யாருக்கு சார்?"

"பிரிசிக்குத்தான்."

"அவங்க எங்க இருக்காங்க?"

"பூனாவுல."

"அங்க இருந்து பாத்தா உங்க வீட்டு வாசல் தெரியுமா சார்?"

ஹெப்சி அத்தை களுக்குன்னு சிரிச்சுட்டாங்க. எனக்கு ஜெரூஷா மேல கோபம் கோபமா வந்துச்சு. நொந்து போயிருக்கிற மனுஷன்ட்ட பேசுற பேச்சா இது? சார் முகம் சுருங்கிட்டு. எந்திரிச்சு ஷூவைத் தேடினாரு.

"சார்."

ஜெரூஷா கூப்பிட்டா. திரும்பினாரு.

"இன்னும் பெல் அடிக்கலை."

எத்தனை பிள்ளைங்ககிட்ட அவரு சொன்ன வார்த்தை அது! ஒரு நிமிஷம் அப்படியே நின்னாரு. அப்புறம் வந்து பழைய இடத்துலயே உக்காந்தாரு.

ஸ்டாரை முடிச்சாரு. கோணலா இருந்தாலும் ஸ்டாருதான். ஜெரூஷா அதைக் கையில வாங்கி, ஒவ்வொரு மூலையா உள்ள தள்ளி, தட்டையா மடக்கிக் கொடுத்தா. சார் அதை முட்டிக்குக் கீழ பத்திரமா வச்சுக்கிட்டாரு.

டீ வந்துச்சு. கேக் சுமார்தான்.

அதுக்கப்புறம் எழுத்து. ஆளுக்கு ஒரு தடிச்ச அட்டை, பட்டை முனை வச்ச ஒரு பேனா. கோடு கீழ இறங்கும்போது அழுத்தணும், மேல ஏறும்போது கையை லேசா விடணும், அவ்வளவுதான் சூட்சுமம்னு ஜெரூஷா சொன்னா. சொல்லும்போது சுலபமாத்தான் இருந்துச்சு. என் 'கி'யைப் பாத்தா கொக்கு நின்னுக்கிட்டுத் தூங்குத மாதிரி இருந்துச்சு.

எல்லாரும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்னு எழுத ஆரம்பிச்சோம். சார் மட்டும் வெறும் அட்டையைப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

"என்ன சார், எழுதலையா?"

"வாழ்த்துன்னு எழுதக்கூடாதே மிஸ். மகிழ்ச்சின்னும் எழுத முடியாது. அப்படி எழுதினா பொய்யால்லா இருக்கும்? துக்க வீட்டுக்காரன் அட்டையில என்னதான் எழுதணும்?"

ஜெரூஷா அவரு முன்னால வந்து சம்மணம் போட்டு உக்காந்தா.

"பிரிசில்லா அக்காகிட்ட போன்ல என்ன சார் பேசுவீங்க?"

"என்ன பேசுவேன்? சாப்பிட்டியான்னு கேப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் லில்லிட்ட கொடுத்துருவேன்."

"இப்ப?"

சார் பேனா மூடியைத் திருகினாரு, திரும்பத் திறந்தாரு.

"இப்பவும் சாப்பிட்டியான்னு கேப்பேன். அவ சாப்பிட்டேன்பான்னு சொல்லுவா. அப்புறம் ரெண்டு பேரும் சும்மா இருப்போம். கடைசியில அவ சரிப்பான்னு சொல்லி வச்சிருவா."

"அப்ப அதையே எழுதுங்க."

"எதை?"

"சாப்பிட்டியான்னு."

"கிறிஸ்துமஸ் கார்டுலயா? விளையாடுதீங்களா மிஸ்?"

"அதுல சுழி கம்மி சார். உங்க கைக்கு நல்லா வரும்."

சார் அவளை ஒரு பார்வை பாத்தாரு. பழைய காலமா இருந்தா ரெண்டு ரவுண்டு ஓட விட்டிருப்பாரு. ஆனா குனிஞ்சு எழுத ஆரம்பிச்சாரு.

ஜெரூஷா சொன்னது சரிதான். அந்த வார்த்தையில பாதி எழுத்து நேர்க்கோடு. கிரவுண்டுல சுண்ணாம்புக் கோடு போட்டுப் போட்டுப் பழகின கை அவருக்கு. இழுத்த இடத்துல நின்னுச்சு. தங்கக் கலர்ல, அட்டை நிறைய, 'சாப்பிட்டியா?'ன்னு எழுதிட்டாரு. கேள்விக்குறிக்குக் கீழ புள்ளிக்குப் பதிலா சின்னதா ஒரு ஸ்டார் வேற.

நாங்க சுத்தி நின்னு பாத்தோம். முதல்ல எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் ஹெப்சி அத்தை முந்தானையை எடுத்து மூக்கைத் துடைச்சாங்க. எங்க அப்பாவும் என்கிட்ட அதைத் தவிர வேற ஒண்ணும் கேட்டது கிடையாது.

ஜெரூஷா ஒரு கவரை எடுத்து அவர் முன்னால வச்சா.

"இப்ப விலாசம் சார். பூனா போஸ்ட்மேனுக்குப் புரியணும், அதனால இங்கிலீஷ்ல. எல்லாம் பெரிய எழுத்து."

சார் பேனாவை எடுத்தாரு. பிரிசில்லான்னு எழுதினாரு. மருமகன் பேரை எழுதினாரு. அதோட பேனா நின்னுச்சு.

"என்ன சார்?"

"பூனா."

"பூனா சரி. எந்தத் தெரு?"

சாருக்கு வேர்த்துட்டு. அவரு கண்ணு எங்க போகன்னு தெரியாம என் பக்கம் வந்துச்சு.

"லில்லிதான் எழுதுவா. முறுக்கு, பொடி, மாங்காய் ஊறுகாய், எல்லாம் கட்டி அவதான் அனுப்புவா. பிரசவத்துக்குப் போனதும் அவதான். எனக்கு எப்பப் பாத்தாலும் ஜில்லா மேட்ச், ஸ்போர்ட்ஸ் டே."

பிரிசி கல்யாணம் முடிஞ்சு போய் வருஷம் ஒன்பது ஆகுது. பெத்த மக குடியிருக்கிற வீட்டு விலாசம் இவருக்குத் தெரியலை. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் என்ன தெரியும்னு அந்த நேரத்துல நான் யோசிச்சேன்.

"எஸ்தர் அக்காட்ட இருக்கும். சாயங்காலம் வாங்கி எழுதிக்கிடுதேன்."

"மை காஞ்சிரும் சார்."

"மருமகனுக்கு ஒரு மெசேஜ் போட்டா..."

"பிரிசில்லா அக்காகிட்டயே கேளுங்களேன்."

"வெக்கமா இருக்கு மிஸ்."

வாயைத் திறந்து சொல்லிட்டாரு. ஊரையே அதட்டின குரல், இப்ப அவ்வளவு சின்னதா வந்துச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு.

ஜெரூஷா விட்டுக்கொடுக்கலை. விரலால கவரை ஒரு தட்டு தட்டினா, அவ்வளவுதான்.

சார் போனை எடுத்தாரு. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் அவருக்குப் பேசத் தெரியும். அதனால எங்க அத்தனை பேருக்கும் கேட்டுச்சு.

"என்னப்பா இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

அதோட சத்தம் இல்ல. போனைப் பிடிச்ச கை தானா பக்கத்துல நீண்டுச்சு. லில்லி டீச்சர்ட்ட கொடுத்துக் கொடுத்துப் பழகின கை. பக்கத்துல இருந்தது நான். சாரே திடுக்கிட்டுப் போய் போனைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன், சத்தியமா அந்த நேரம் அவர் முகத்தைப் பாக்க முடியலை.

"அப்பா? இருக்கீங்களா?"

"பிரிசி, உன் வீட்டு விலாசம் சொல்லு."

"எதுக்குப்பா?"

"எழுதணும். சொல்லு."

அவ சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தா இழுத்து எழுதினாரு. அன்னபூர்ணா அபார்ட்மெண்ட், பி பிளாக்.

"எத்தனாவது மாடி?"

"நாலாவது."

பேனாவைக் கவர்ல இருந்து எடுத்துட்டாரு.

"நாலா? முட்டுவலியோட அம்மா எப்படி ஏறினா?"

"லிஃப்ட் இருக்குப்பா. ஓடாத அன்னைக்கு மாடிக்கு மாடி உக்காந்து உக்காந்து ஏறுவாங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையேப்பா."

குத்திக்காட்டின மாதிரி இல்ல. சும்மாதான் சொன்னா.

"அங்க தண்ணி நல்லா வருதா?"

"காலையில வரும்பா."

"ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?"

"என்னப்பா, இன்னைக்கு இவ்வளவு கேள்வி கேக்கீங்க?" அவ சிரிச்சா. "ஒரு வேப்பமரம் தெரியும். அம்மா காலையில அங்கன நின்னுதான் டீ குடிப்பாங்க."

"பூனாவுல வேப்பமரம் உண்டா?"

"உண்டுப்பா. நீங்க பாத்ததில்லைல்லா."

அவ மூக்கை உறிஞ்சுத சத்தம் கேட்டுச்சு. ஆனா எப்பவும் மாதிரி சரிப்பான்னு சொல்லி அவ போனை வைக்கலை. ரெண்டு பேரும் போனைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

"ரோடு பேரு சொல்லு பிரிசி. பின்கோடும் சொல்லு."

சொன்னா. எழுதினாரு.

"கார்டா அனுப்பப் போறீங்க? நீங்களா எழுதினீங்க?"

"ம்."

"என்ன எழுதிருக்கீங்க?"

சார் எங்களைப் பாத்தாரு. மாட்டிக்கிட்ட பையன் முழிக்கிற மாதிரி ஒரு முழி.

"கையில கிடைச்ச பிறகு பாரு."

"சரிப்பா. உடம்பைப் பாத்துக்கோங்க."

போனை வச்ச பிறகும் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"நல்லா பேசினா," அப்படின்னாரு. யாருகிட்ட சொன்னாருன்னு தெரியலை.

ஜெரூஷா கவரைத் தூக்கி, மை காய ஊதினா. கார்டை உள்ள வச்சா. தட்டையா மடக்கின ஸ்டாரையும் அது கூடவே சொருகினா. சார் அவ கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பாத்துக்கிட்டு இருக்கும்போதே அவரு முகம் வாடிப் போச்சு.

"ஆனா வாரேன்னு சொல்லலையே மிஸ்."

"ஆமா சார். சொல்லலை."

"இதைப் போஸ்ட்டுல போட்டா, பாத்துட்டு மனசு மாறி வருவாளா?"

"நீங்க வாரேன்னு சொன்னீங்களா சார்?"



"நானா?" சார் எங்க எல்லாரையும் ஒரு சுத்து பாத்தாரு. "பூனாவுக்கா? நான் போனதே இல்லையே. லில்லிதான் எல்லாம் பாத்துக்கிடுவா. ஸ்டேஷன்ல இறங்கி எந்தப் பக்கம் திரும்பணும்னுகூட..." பேச்சை முழுங்கினாரு. "எனக்கு வழி தெரியாதே மிஸ்."

ஜெரூஷா கவரை அவரு பக்கமாத் திருப்பி, அவரு கையில வச்சா.

"இப்பத்தான சார், உங்க கையாலயே எழுதுனீங்க."